கிளவுசைக் கழட்டின பிறகு

ரசிகர் மன்றம் என்று பேச்செடுத்தாலே நம் தோழர்களில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வடசென்னைச் சேரிகளில் நம்ம பிள்ளைகள் கட்டாத தோரணமா, ஊத்தாத பாலா? மூட்டை தூக்கின கூலியில் முதல் நாள் முதல் காட்சி. மிச்சம் இருந்தால்தான் வீட்டுக்கு அரிசி. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்' புத்தகம் இதைத்தான் கேட்டது. ஏழைகள் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒருவருடைய ஆட்சியில் அந்த ஏழைகளுக்குக் கிடைத்தது என்ன? படித்துவிட்டு நாமும் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். எல்லாம் சரி. ஆனால் சேரிக்காரன் தன் தெருவை, தன் பாஷையை, தன் உடம்பைத் திரையில் பார்த்துவிட்டுக் குதித்தால் அதற்கு என்ன பேர்? அதையும் மாயை என்று தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. 2022 ஜூலையில் ராயபுரத்தில் ஒரு தெருக் கொண்டாட்டத்துக்குப் போய்வந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கொண்டாட்டம், பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்து ஒரு வருஷம் ஆனதற்கு. அது தியேட்டரில் வந்த படம் இல்லை. கொரோனாவில் மூடின தியேட்டர்கள் 2021 ஆகஸ்ட் 23ஆம் தேதிதான் திறந்தன. இந்தப் படம் ஜூலை 22ஆம் தேதியே அமேசான் பிரைமில், அதாவது நம்ம வீட்டு டி.வி.க்கும் போனுக்கும் வந்துவிட்டது. கட்டவுட் வைக்க இடம் இல்லை, விசிலடிக்க ஆள் இல்லை. ஒரு வீட்டில் கனெக்‌ஷன் இருந்தால் அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் அங்கேதான் உட்கார்ந்து பார்த்தார்கள்.

டி.வி. நம் தெருவுக்கு வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அவசரநிலை அறிவித்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. படத்தின் கதை நடக்கிற அதே காலம். எனக்கு விவரம் தெரிந்தபோது எங்கள் பக்கத்தில் டி.வி. இருந்தது மெயின்ரோட்டில் ஒரே ஒரு வீட்டில்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவோம். மற்ற தெருப் பிள்ளைகள் உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கும். எங்களை யாரும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. பாதிப் பாட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். கொசு வருதாம். 2006இல் அரசாங்கம் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி பேசியது. அதைக் கிண்டலடித்து எழுதாத பத்திரிகை இல்லை. ஜன்னலில் தொங்கினவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன என்று. ஆனால் பெட்டிக்குள் யார் இருந்தார்கள்? சீரியல் வீடுகளில் மாடிப்படி வளைந்து இறங்கும். நம்ம பாஷை பேசினால் அது ரவுடி, இல்லையென்றால் வேலைக்காரி, இல்லையென்றால் சிரிப்பு.

அந்தப் பெட்டிக்குள்தான் 2021இல் கபிலன் வந்தான். ஆர்பரில் மூட்டை தூக்குகிற கபிலன். ரஞ்சித் ஆவடிப் பக்கம் கரலப்பாக்கத்துக்காரர். 2012இல் 'அட்டகத்தி', 2014இல் ஒரு சுவருக்காக அடித்துக்கொண்டு சாகிற 'மெட்ராஸ்', 2018இல் 'காலா'. அதே வருஷம் அவர் தயாரிப்பில் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', மேடையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்று கானாவும் பறையும். 'சார்பட்டா'வை அவரோடு சேர்ந்து எழுதியவர் தமிழ்ப் பிரபா, சிந்தாதிரிப்பேட்டையை வைத்துப் 'பேட்டை' நாவல் எழுதியவர். படத்தில் பாஷை உறுத்தாமல் இருந்ததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தெரு முனையில் நாலு பெஞ்சைப் போட்டு மேடை. வாடகைக்கு எடுத்த பெரிய டி.வி. ஒரு பேனரில் அம்பேத்கர், ரஞ்சித், கடைசிச் சண்டைக்கு நீல அங்கி போட்டுக்கொண்டு வருகிற கபிலன். ரஞ்சித்துக்கு இப்படி ஒரு கூட்டம் நடப்பதே தெரிந்திருக்காது. பறை அடித்தார்கள். அண்டாவில் பீஃப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. ஏழெட்டு வயசுப் பொடிசுகள் எல்லாம் டான்சிங் ரோஸ் மாதிரி காலைப் பின்னிப் பின்னிக் குதித்தன. கபிலனாக நடிக்க ஒருத்தனும் முன்வரவில்லை, எல்லாருக்கும் ரோஸ்தான் வேணும். ஒரு பையன் பால் பாக்கெட்டோடு பேனர் பக்கம் போனான். பெரியவன் ஒருத்தன் அவன் கையைத் தட்டிவிட்டான். "இன்னாடா பண்ற? அந்தாளு பாத்தா காறித் துப்புவாரு." பால் டீக்குப் போனது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

படத்தில் பிடித்த காட்சி எது என்று ஒவ்வொருத்தராக மேடையேறிச் சொல்ல வேண்டும். பசங்க சண்டைக் காட்சிகளைச் சொன்னார்கள். சட்டம் படிக்கிற ஒரு தம்பி, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்த செய்தியோடு ஆட்டம் நின்றுபோகிற காட்சியைச் சொன்னான். ஒரு பெண் எழுந்து மாரியம்மா புருஷனைக் கேள்வி கேட்கிற காட்சி என்று சொல்ல, பொம்பளைங்க உட்கார்ந்திருந்த பக்கம் ஒரே சத்தம். "ஆமா, அவ கத்தறா. நாம கத்தினா அன்னிக்கு ஒல வைக்கறது யாரு?" என்றாள் ஒரு அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முட்டைக்கும் பாலுக்கும் மூக்குத்தியை அடகு வைத்தது யார், கிழிந்த புருவத்துக்கு மஞ்சள் பத்துப் போட்டது யார் என்று அந்தப் பக்கமாகவே ஒரு தனிக் கூட்டம் நடந்தது. மைக் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு பழைய ஆட்டக்காரர்களுக்கு மரியாதை. நாலைந்து கிழவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் என் பெரியப்பாவும் ஒருத்தர். அவர் துறைமுகத்தில் கரி இறக்கினவர். கோர்ட் உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தைவிட்டுக் கரி எண்ணூருக்குப் போனது. பெரியப்பா நெஞ்சுக்குள் போன கரி போகவில்லை. ராத்திரி முழுக்க இருமல். எழுபதுகளின் கடைசியில் கொஞ்ச காலம் ரிங்கில் இறங்கி ஆடியிருக்கிறார். கித்தேரி முத்து பேரைச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து உட்காருவார். அவரோடு ஆடினவர்களில் ரெண்டு பேர் சாராயக்காரனுக்கு அடியாளாகப் போனார்கள். ஒருத்தர் வீடு திரும்பவே இல்லை. இதெல்லாம் எங்கள் வீட்டில் பேசுகிற விஷயம் இல்லை.

தோளில் நீலத் துண்டு போட்டார்கள். கும்பிட்டுவிட்டு இறங்குவார் என்று நினைத்தேன். அவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மொதக் காட்சியிலயே அந்தப் புள்ள ஆர்பர்ல மூட்ட தூக்கினுகீறான். வேல முடிஞ்சதும் ஆட்டத்தப் பாக்க ஓட்றான். அது நானு. அத்தப் பாத்து அய்துட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஓடிப் போனா உள்ள விட்ருவானா? டிக்கெட்டுக்குத் துட்டு ஏது? வெளிய நின்னுக்கினு சத்தத்த வச்சே எவன் குத்தறான், எவன் வாங்கறான்னு கண்டுபுடிப்போம். எம்பதுல முகமது அலி வந்தாரே நேரு ஸ்டேடியத்துக்கு, அப்பவும் நா வெளியதான்."

கூட்டம் கைதட்டியது. அவர் நிறுத்தவில்லை.

"அப்பால நானும் ஆடனேன். கிளவுசு போட்டுக்கினா யாரு வேணா யாரு மூஞ்சில வேணா குத்தலாம். எவனும் தீட்டுன்னு சொல்லல. என் ரத்தம் அவன் மேல, அவன் எச்சி என் மேல. அல்லாம் ஒண்ணுதான். கிளவுசக் கயட்டினப்புறம் வாத்தியார் ஊட்டாண்ட போயி தண்ணி கேட்டா எனக்கு சொம்பு வேற. திண்ணையில ஓரமா கவுந்துக்கினு கெடக்கும். நானே எட்த்து, நானே கய்வி, நானே கவுத்துட்டு வரணும். இத்த இந்தப் படம் சொல்லல. அதான் சொல்லிட்டேன்."

எந்த வாத்தியார், எந்தப் பரம்பரை என்று அவர் சொல்லவில்லை. நானும் எழுதப்போவதில்லை. மேடையில் இருந்த பையன் "நேரம் ஆச்சு தாத்தா" என்று மைக்குக்குக் கை நீட்டினான். சட்டம் படிக்கிற தம்பிதான் "பேசட்டும் உடு" என்றான். ஆனால் பெரியப்பா பேசி முடித்துவிட்டார். துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி, பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு காட்சிகளைச் சொல்ல ஆள் வரவில்லை. கீழே வாக்குவாதம் ஆரம்பித்தது. ரஞ்சித் சாதியைப் பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றான் ஒருத்தன். சொல்லாமலா இருக்கிறார், தணிகா பேசுகிற பேச்சு என்ன, அந்த நீலம் என்ன, கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும் என்றான் இன்னொருத்தன். கண்ணிருக்கிறவனுக்கு மட்டும் தெரிந்தால் போதுமா என்றாள் மாரியம்மாவைப் பற்றிப் பேசின பெண். பணம் போடுகிறவன், சென்சார், வியாபாரம் என்று ஒரு பையன் விளக்கினான். அவன் சொன்னதும் பொய்யில்லை.

எனக்குத் தோன்றினதைச் சொல்கிறேன். படம் வந்தபோது ஒரு பெரிய சண்டை நடந்தது, நினைவிருக்கும். எம்.ஜி.ஆரையும் விளையாட்டுக்கு அவர் செய்ததையும் இருட்டடிப்பு செய்துவிட்டார்கள் என்று ராயபுரத்தின் முன்னாள் எம்.எல்.ஏ., முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் கண்டித்தார். தி.மு.க.காரர்கள் ரங்கன் வாத்தியாரைத் தங்கள் ஆளாகக் கொண்டாடினார்கள். வடசென்னைக் குத்துச்சண்டை எந்தக் கட்சிக்குச் சொந்தம் என்பதுதான் ரெண்டு பக்கத்துக்கும் கவலை. திண்ணையில் கவிழ்ந்து கிடந்த சொம்பு எந்தக் கட்சிக்குச் சொந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ரஞ்சித்தின் படத்திலும் சேரிப் பையனுடைய விமோசனம் கறுப்பு சிவப்பு வேட்டி கட்டின ஒரு நல்ல வாத்தியாரின் நிழலில்தான் தொடங்குகிறது. அப்படி நல்லவர்கள் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் சார்பட்டா, இடியாப்பம் என்று பரம்பரைப் பெருமை பேசும்போது வடசென்னை முழுக்க ஒரே உழைக்கும் ஜாதி மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் குடிசைகள் எரிந்ததை மறந்தவனுக்குத்தான் அந்தத் தோற்றம் வரும். எரித்தவனும் தொழிலாளிதான்.

அப்படியென்றால் படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முடியாது. பெரியப்பா நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சொம்பைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. நான் எழுதுகிறவள் என்று அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை நோட்டும் பேனாவுமாகப் போய் அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். "அத்தெல்லாம் இன்னாத்துக்கு இப்போ" என்பார். ஒரு படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, அந்தப் படத்தோடு சண்டை போட மேடையேறினார். அவர் பேசி முடித்ததும் பக்கத்துக் கிழவர் அவர் முட்டியில் கை வைத்தார். அந்தக் கையை எடுக்கவே இல்லை, பிரியாணி வரும்வரைக்கும்.

கடைசியில் பொடிசுகளுக்குக் குத்துச்சண்டைக் காட்சி. ரெண்டு ஜோடி கிளவுஸ்தான், மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். பொம்பளைப் பிள்ளைகள் நாலு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்கள் முறை வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டி.வி.யைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

பெரியம்மா விழாவுக்கு வரவில்லை. கூப்பிட்டதற்கு, "எனக்கு அந்த ஆட்டமும் வாணாம், படமும் வாணாம்" என்று சொல்லிவிட்டாள். படத்தில் பாக்கியம் மகனைத் துடைப்பத்தால் விளாசுகிற இடம் வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்து போனவள் அவள். பெரியப்பாவை வீட்டில் விட்டுவிட்டு அவளுக்குப் பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துக்கொண்டே கேட்டாள்:

"மேடையில இன்னா பேசனாரு உங்க பெரிப்பா?"

சொன்னேன். தனிச் சொம்பு, திண்ணை, கழுவிக் கவிழ்த்தது எல்லாம் சொன்னேன். பெரியம்மா பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"சொம்பா? இவருக்கு எந்த மவராசன் சொம்பு குட்த்தான்? கையேந்திக்கினு குனிஞ்சி நிப்பாரு, மேலேர்ந்து ஊத்துவாங்க. கண்ணாலமான புதுசு, நா ரோட்டாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன்."

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.