விபூதியும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்

பாச்சாங் ஆலயத் தொண்டர்கள் எழுதுறோம்.

எங்க தேவார வகுப்பில் ஒரு பையன், அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டான். சிலர் சேட்டைன்னு திட்டினாங்க; சிலர் கயிறு மந்திரிச்சுக் கட்டச் சொன்னாங்க. டாக்டர் பரிசோதிச்சு ஏடிஎச்டி என்றார். இப்போ ரிட்டலின் சாப்பிடுறான், ஒரு பதிகம் முழுசா பாடுறான். அம்மா சம்மதத்தோடுதான் சொல்றோம்.

இதைப் பார்த்து ரெண்டு தாய்மார் கேட்டாங்க. ஒருத்தர்: "முருகனுக்கு நேர்ந்துகிட்டேன், என் பிள்ளைக்கு மருந்தை நிறுத்திடலாமா?" இன்னொருத்தர்: "மகனுக்கு எஸ்பிஎம் வருது, ரெண்டு மாத்திரை கிடைக்குமா?"

ரெண்டுமே வேண்டாம்.

ரிட்டலினில் உள்ளது மெத்தில்பெனிடேட். 1944-ல் முதன்முதலா தயாரிச்சது. மூளையில் டோபமைனைக் கூட்டி, கவனத்தை நிறுத்த உதவும். நோயை வேரோடு எடுக்காது. பசி குறையலாம், தூக்கம் கெடலாம், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். அதனால்தான் டாக்டர் எடை, உயரம், பிரஷர் பார்க்கிறார். தவறா பயன்படுத்தினா அடிமையாக்கும். மலேசியாவில் 1952 நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. இரவல் கொடுக்கிற பொருள் இல்லை.

வேண்டுதல் தொடரட்டும். நிறுத்துறதும் அளவை மாத்துறதும் டாக்டர் சொல்லட்டும்.

நம்மால முடிஞ்சது ஒன்னு உண்டு. மருந்தின் வேகம் இறங்குற சாயங்காலத்தில்தான் இந்தப் பிள்ளைகளுக்குப் பசி வரும். பூசைக்கு வந்தா திட்டாதீங்க. சுண்டலை இன்னொரு கை அள்ளி வையுங்க.