பாடகன் மறைவும் மக்கள் துயரமும்

ஒரு சமுதாயம் யாருக்காக அழுகிறது என்பதைக் கொண்டே அச்சமுதாயத்தின் நெஞ்சத்தை ஓரளவு அளந்துவிடலாம். மன்னர் இறந்தால் குடிகள் அழ வேண்டுமென்று விதிக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. இக்காலத்தில் அரசாங்கங்கள் துக்கதினங்களை அறிவிக்கின்றன. சுற்றறிக்கை வந்ததும் கொடிகள் பாதிக்கம்பத்தில் இறங்குகின்றன. ஆனால், எவரும் பணிக்காமல், எச்சுற்றறிக்கையும் வராமல், ஒரு பாடகனுக்காக மக்கள் தாமாகவே துயருறுவராயின் அத்துயரத்தின் பொருள் யாதென்று ஆராய்வது நம்மனோர் கடமையாகும்.

2021ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள் சுனில் பெரேரா கொழும்பில் மறைந்தார். 'ஜிப்சீஸ்' என்னும் இசைக்குழுவின் முதன்மைப் பாடகராக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் விளங்கியவர் அவர். அறுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாட்களே எஞ்சியிருந்தன. கொவிட் தொற்றும் அதனைத் தொடர்ந்த நோய்ச்சிக்கல்களும் அவர் உயிரைக் கொண்டுபோயின. ஆகஸ்ட் 20ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கு நாடு முழுவதும் நடைமுறையிலிருந்த காலம் அது. பாடகன் மறைந்தால் ஊர் திரளும். சந்திதோறும் வெள்ளைக்கொடி பறக்கும். உருவப்படம் தாங்கிய பதாகை தொங்கும். இதுவே இந்நாட்டின் வழக்கம். அன்றோ திரளவும் வழியில்லை, கொடி கட்டவும் வழியில்லை.

மாத்தளையில் திருகோணமலை வீதி அன்று வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் அடைபட்டிருந்தன, முச்சக்கர வண்டிகள் வீட்டு முற்றங்களில் நின்றன. ஆயினும், சாத்திய கதவுகளுக்கு உள்ளிருந்து பாட்டு வந்தது. சிங்களவர் வீட்டிலிருந்து வந்தது. முஸ்லிம் வீட்டிலிருந்து வந்தது. தமிழர் வீட்டிலிருந்தும் வந்தது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் வாழும் நம் மாணவர் சிலர் தொலைபேசியில் அவருடைய பாடல்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டனர். அவர்களிற் பலருக்குச் சிங்களம் கடைவீதி அளவிலேயே தெரியும். பாட்டின் எல்லாச் சொற்களுக்கும் பொருள் சொல்லமாட்டார்கள். எனினும் அவர்கள் துயருற்றனர். அத்துயரம் பொய்யன்று.

சுனில் பெரேரா செய்தது யாது? பைலா என்னும் பழைய இசையை மின்கித்தார், டிரம்ஸ் முதலிய றொக் இசையின் கருவிகளோடு பிணைத்தார் என்று சுருங்கச் சொல்லலாம். பைலாவின் வரலாறோ அடிமைகளோடும் கடலோடிகளோடும் பின்னிய வரலாறு. பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கேயரோடு அவர்தம் பாட்டும் வந்தது. அவர்களும் பின்வந்த ஐரோப்பியரும் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த மக்களின் தாளமும் அதனோடு கலந்தது. புத்தளம் மாவட்டத்துச் சிறாம்பையடியில் இன்றும் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் 'மாஞ்சா' இசையிலே அத்தாளத்தின் உறவைக் காணலாம். இருபதாம் நூற்றாண்டிலே காவற்றுறைச் சேவையிலிருந்த வொலி பஸ்டியன் அதனைச் சிங்களப் பாட்டாக்கி மேடையேற்றினார். இவ்வாறு பிறந்த இசையை மேட்டுக்குடியினர் குடிகாரர் கூத்தென்று இகழ்ந்தனர். செவ்விசை அறிந்தோர் அதனை வாசலுக்கு வெளியே நிறுத்தினர். கீழோர் என ஒதுக்கப்பட்டவர்களின் தாளத்துக்கு எந்நாட்டிலும் நேர்கின்ற கதிதான் இது. தப்பு என்றால் சாவீட்டுக் கருவி என்று முகஞ்சுளிக்கும் தமிழர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

1970களின் தொடக்கத்தில் ஜிப்சீஸ் குழு உருவானபோது மேலைநாட்டுப் பாடல்களையே பாடிற்று. நகரத்து விருந்துகளில் அவற்றுக்கே மதிப்பிருந்தது. நாளடைவில் அக்குழு மக்கள் மொழிக்குத் திரும்பிற்று. 'லுனு தெஹி', 'குருமிட்டோ', 'அங்கிள் ஜோன்சன்' ஆகிய பாடல்கள் இந்நாட்டின் பேருந்துகளிலெல்லாம் ஒலித்தன. அவற்றில் நகைச்சுவை உண்டு, கிண்டல் உண்டு. சுனில் பெரேரா மேடையோடு நின்றுவிடவுமில்லை. நேர்காணல்களில் ஊழலைச் சாடினார். இனவாதத்தையும் மதத்தின் பேரால் நடக்கும் ஏமாற்றையும் சாடினார். தன்பாலீர்ப்பாளரின் உரிமைக்காகவும் பேசினார். பெரும்பான்மை இனத்தில் பிறந்து, அவ்வினத்தின் மொழியிலே பாடிப் புகழ்பெற்ற ஒருவர், அவ்வினத்தின் செருக்கைப் பார்த்துக் கேலி பேசினார். இது சிறு செயலன்று.

தமிழ்ப் பக்கத்திலும் இதற்கு உறவான ஒரு முயற்சி நடந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் 1970களில் தமிழில் பொப்பிசையைப் பரப்பினர். யாழ்ப்பாணத்துப் பேச்சும் பைலாத் தாளமும் கித்தாரும் ஒன்றாயின. 'சுராங்கனி' என்னும் சிங்களப் பாட்டை மனோகரன் பாட, அது கடல் கடந்து தமிழ்நாடெங்கும் பரவிற்று. அன்று சிங்கள இளைஞர் தமிழ்ப் பாடகனின் பாட்டுக்கு ஆடினர். தமிழ் இளைஞர் சிங்களச் சொற்களைத் தயக்கமின்றிப் பாடினர். பின்னர் 1983ஆம் ஆண்டு ஜூலை வந்தது. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலின் தேர்கள் எரிந்தன. அத்தேர்களோடு எரிந்தவை பல. ஒருவர் பாட்டை மற்றவர் அச்சமின்றிப் பாடிய பழக்கமும் அவற்றுள் ஒன்று. மனோகரன் 2018 ஜனவரி 22ஆம் நாள் சென்னையில் காலமானார். பிறந்த மண்ணுக்கு வெளியே இறந்த கலைஞர் வரிசையில் அவரும் ஒருவரானார். இலங்கையில் அவரை நினைந்து வருந்தியோர் பலர். ஆனால் அவ்வருத்தம் பெரும்பாலும் நடுவயது கடந்தோர் நெஞ்சளவில் நின்றது. இன்றைய மாணவருக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சுனில் பெரேராவின் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இவ்வேறுபாடு பாடகர்தம் திறமையால் மட்டும் வந்ததன்று. ஒரு கலைஞனுக்கு மேடையும் வானொலியும் நாடும் தொடர்ந்து கிடைத்தன, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை.

பாடசாலைச் சுற்றுலா செல்லும் பேருந்தை அறியாத ஆசிரியர் இலர். ஊர் எல்லை கடந்ததும் பின்னிருக்கையில் தட்டலும் தாளமும் தொடங்கிவிடும். தமிழ்ப் பாடசாலைப் பேருந்திலும் பைலா ஒலிக்கும். தமிழ்த்தினப் போட்டிக்காகப் பல நாள் பாடமாக்கிய செய்யுளை மறந்துவிட்ட மாணவன், எவரும் கற்பிக்காத சிங்களப் பாட்டைப் பிழையின்றிப் பாடுவான். அரசமைப்பும் சுற்றறிக்கைகளும் இரு மொழியினரை இணைப்பதாகச் சொல்லி ஆண்டுகள் பல சென்றன. அவை செய்யாத வேலையில் ஒரு சிறு பகுதியைப் பாட்டு செய்துவிட்டது. சிறு பகுதி என்பதை அழுத்திச் சொல்கிறோம். சேர்ந்து பாடுவோர் சேர்ந்து வாழ்வர் என்பதற்கு உறுதியில்லை. 1983க்கு முன்னரும் சேர்ந்து பாடினார்களல்லவா?

இவ்விடத்தில் நம் முற்போக்கு விமர்சகருள் சிலர் எழுப்பும் தடையை ஆராய வேண்டும். இவ்விசை முதலாளித்துவச் சந்தையின் சரக்கு என்பர் அவர். பெருவிடுதிகளிலும் செல்வர் திருமணங்களிலும் பாடிய குழுவை மக்கள் கலைஞரென்று எவ்வாறு சொல்வதென்பர். கிண்டலைக் கேட்டுச் சிரிப்பவன் கோபத்தை இழந்துவிடுகிறான் என்பர். இத்தடையில் உண்மை உண்டு. ஊழலைப் பற்றிய பாட்டுக்கு ஊழல்வாதியே கைதட்டி ஆடக்கூடும். அவன் சிரித்துவிட்டால் பாட்டின் பல் உதிர்ந்துவிடுகிறது. 2021 செப்டெம்பரில் ஆட்சியிலிருந்தோரும் எதிரணியினரும் ஒருங்கே இரங்கல் தெரிவித்ததை நினைக்கும்போது இவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடிவதில்லை.

எனினும், கேளிக்கையில் எதிர்ப்பே பிறக்காது என்று முடிவு செய்வது வரலாற்றுக்கு மாறானது. 1976இல் செக்கோஸ்லவாக்கியாவில் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஒவ் த யுனிவேர்ஸ்' என்னும் றொக் குழுவைச் சேர்ந்தோர் சிறையிடப்பட்டனர். அவர்கள் இசை பரிசோதனை இசை, எளிதில் விளங்காதது, நேரடி அரசியல் முழக்கம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அவ்வழக்கு பலரை ஒன்றுசேர்த்தது. 1977 ஜனவரியில் வெளியான 'சாசனம் 77' என்னும் அறிக்கைக்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று. சோஷலிசத்தின் பேரால் ஆண்ட அரசொன்றே கித்தாருக்கு அஞ்சியது என்னும் உண்மையை இடதுசாரிகளாகிய நாம் மறைத்துப் பேசுதல் தகாது. மறுபுறம் சிலி நாட்டைப் பார்ப்போம். 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பறித்த சில நாட்களுக்குள் பாடகர் விக்டர் ஹாரா சித்திரவதை செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலை மனைவியும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலருமே அரவமின்றி அடக்கம் செய்தனர். 2009 டிசெம்பரில், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ஆயிரக்கணக்கானோர் திரண்டு சந்தியாகோ நகரில் அவருக்கு மீண்டும் இறுதி வணக்கம் செய்தனர். தடுக்கப்பட்ட துயரம் காலத்தால் வற்றிவிடுவதில்லை என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டுமோ?

துயருறும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாயிருந்ததா என்னும் வினாவை நம் நாட்டைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். கொவிட் தொற்றினால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென்று 2020 ஏப்ரிலில் அரசாங்கம் கட்டளையிட்டது. அடக்கம் செய்வதால் தீங்கில்லையென்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியும், முஸ்லிம் பெற்றோரின் கண்ணெதிரே அவர்தம் பிள்ளைகளின் உடல்கள் நெருப்புக்குச் சென்றன. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கம் செய்ய இடந்தரப்பட்டது. அதன் பின்பும், ஊரிலன்றித் தொலைவிலுள்ள ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. பாடகனை இழந்தோர் அறைக்குள்ளிருந்தேனும் அழுதனர். அவர்களோ தம் மதமுறைப்படி விடைகொடுக்கவும் பெறாமல் அழுதனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. சுனில் பெரேராவின் துணிவை நாடு போற்றிய அதே செப்டெம்பரில், அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர் சிறையிலிருந்தார். மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த அவர் புத்தளத்தில் தமிழ் கற்பித்த ஆசிரியர். 'நவரசம்' என்னும் கவிதைத் தொகுதியை 2017இல் வெளியிட்டவர். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். தமிழ்க் கவிதையின் மரபறியாதோர் அத்தொகுதியில் தீவிரவாதம் இருப்பதாகக் கண்டனர். அக்கவிதைகள் வன்முறையைக் கண்டிப்பனவென்று தமிழறிந்தோர் எடுத்துக்காட்டினர். எனினும் 2021 டிசெம்பர் வரை பிணை கிடைக்கவில்லை. 2023 டிசெம்பரிலேயே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 1979இல் தற்காலிகமானதெனக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் ஒரு கவிஞனின் வாழ்விலே ஆண்டுகள் சிலவற்றைத் தின்றுவிட்டது.

இருவரையும் அருகருகே நிறுத்தும்போது உண்மை புலனாகிறது. ஒருவர் பெரும்பான்மையினரின் மொழியில் வெளிப்படையாகச் சாடினார். நாடு சிரித்தது, பின்னர் அழுதது. மற்றவர் சிறுபான்மையினரின் மொழியில், சில நூறு பேரே படித்திருக்கக்கூடிய கவிதை எழுதினார். அவருக்குச் சிறை கிடைத்தது. இதற்காகச் சுனில் பெரேராவின் புகழைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. தம் இனத்துக்குக் கிடைத்த பாதுகாப்பை அவர் வாய்மூடிக் கிடக்கப் பயன்படுத்தவில்லை, பேசுவதற்குப் பயன்படுத்தினார். பாதுகாப்புள்ள எத்தனை பேர் அதனைச் செய்கின்றனர்? ஆயினும், பேசும் உரிமை ஓரினத்துக் கலைஞனுக்குச் சலுகையாகவும் மற்றோரினத்துக் கலைஞனுக்குக் குற்றமாகவும் உள்ள வரையில் நம் இரங்கல் அரைகுறையானதே.

2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் காலிமுகத்திடலில் இளைஞர் கூடினர். எரிபொருளும் மருந்தும் மின்சாரமும் இல்லாத நாட்டிலே அவர்கள் முழங்கினர். இடையிடையே பைலாத் தாளத்திற் பாடவும் செய்தனர். ஜூலை 13ஆம் நாள் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். அப்போராட்டத்தைப் பாட்டுதான் உண்டாக்கிற்று என்று சொல்வோமாயின் அது மிகை. வரிசையில் நின்ற வயிறுகளே அதனை உண்டாக்கின. ஆனால், ஆள்வோரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்னும் பயிற்சியை அவ்விளைஞர் எங்கே பெற்றனர்? பேருந்தின் பின்னிருக்கையிலும் பெற்றனர் என்றே கருதுகிறோம். சிரிப்பு கோபத்தைக் கரைப்பதுமுண்டு, அச்சத்தைக் கரைப்பதுமுண்டு. எதனைக் கரைக்குமென்பது சிரிப்பவன் நிற்கும் நிலையைப் பொறுத்தது.

ஆகவே, ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நமக்குச் சில கடமைகள் உள. மாணவன் விரும்பும் பாட்டை இழிசனர் பாட்டென்று தள்ளாமல், அதன் பிறப்பையும் அது கடந்துவந்த வழியையும் அவனோடு சேர்ந்து ஆராய்வோம். பைலாவின் கதையைக் கற்பிப்பவன் அடிமை வரலாற்றைக் கற்பிக்கிறான். மனோகரனின் கதையைக் கற்பிப்பவன் 1983ஐக் கற்பிக்கிறான். சிங்கள ஆசிரிய நண்பரிடம் 'நவரசம்' பற்றிப் பேசுவோம். அவர்தம் மொழியில் அக்கதை சென்றடையாவிடில் அங்கே நியாயம் கேட்பார் எவர்?

இறந்த கலைஞனுக்கு மலர்மாலை சூட்டுவது எளிது. அவன் இனி எவரையும் சங்கடப்படுத்தமாட்டான். உயிரோடிருந்து சங்கடப்படுத்தும் கலைஞன் எவ்வினத்தவனாயினும், எம்மொழியிற் பாடினாலும், அவன் பாடுவதற்குக் காவலாய் நிற்பதே கடினம். அக்கடினமான வேலையை மேற்கொள்வோர்க்கே பாடகனை நினைந்து அழும் தகுதி முழுமையாக உண்டு.