பரண்மேல் கிடக்கிற ஏர்கன்

கடலை பிடுங்கி முடிஞ்சு ரெண்டு நாள் ஓய்வு. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. சொந்த ஊர்ல பூட்டின வீடு வச்சுட்டு டவுன்ல இருக்கறவங்க அவசியம் படிங்க.

எங்க பக்கம் பழைய தோட்டத்து வீடுகள்ல அங்கங்க பரண்மேல ஒரு ஏர்கன் கிடக்கும். காத்துத் துப்பாக்கி. அந்தக் காலத்துல காக்கா விரட்டவும், களத்துல எலி அடிக்கவும் வாங்கினது. குழலை மடக்கினா உள்ள இருக்கிற ஸ்பிரிங் சுருங்கி நிக்கும். குழலோட பின்வாயில சின்ன ஈயக் குண்டு ஒண்ணை வச்சு நிமித்தி, விசையை இழுத்தா ஸ்பிரிங் விரிஞ்சு காத்தைத் தள்ளும். அந்தக் காத்து குண்டைத் தள்ளும். மருந்தும் இல்லை, தோட்டாவும் இல்லை. தேர்த் திருவிழாவுல பலூன் சுடறதும் இதுதான். அதனால இது துப்பாக்கிக் கணக்குலயே வராதுன்னு ஊர்ல எல்லாருக்கும் ஒரு நெனப்பு.

கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் எங்க பக்கம் வந்து போறார். மில்லுல மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். தயாரிப்பு நின்னுபோன பழைய ஏர்கன்களைத் தேடிச் சேர்க்கிறது அவருக்குப் பொழுதுபோக்கு. துரு எடுத்து, உள்ள இருக்கிற தோல் வாஷரை மாத்தி, எண்ணெய் போட்டு சுவத்துல மாட்டி வச்சிருக்கார். சுடறது கிடையாது. "இதெல்லாம் இனிமே எவனும் செய்யமாட்டானுங்க. அதனால சேர்க்கறேன்"னு சொல்வார்.

அவர் அதிகமாத் தேடறது டயானா. ஜெர்மனியில ராஸ்டாட் ஊர்ல 1890-ல ஆரம்பிச்ச கம்பெனியோட துப்பாக்கி. டயானாங்கிறது ரோமானியர்களோட வேட்டைத் தெய்வம். வில்லைத் தூக்கி எறிஞ்சுட்டு ஏர்கன்னை உயர்த்திப் பிடிச்சிருக்கிற மாதிரி அந்த அம்மாவோட உருவம் இரும்புல பதிஞ்சிருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அந்தப் பேரும் மிஷின்களும் பிரிட்டனுக்குப் போச்சு. மில்பிரோங்கிற கம்பெனி ஸ்காட்லாந்துல டயானாங்கிற பேர்லயே செஞ்சு வித்தது. 1980-கள்லதான் பேர் மறுபடி ஜெர்மனிக்கு வந்துச்சு. அதனால டயானான்னு எழுதியிருந்தா மட்டும் போதாது, எந்த நாட்டுல செஞ்சதுன்னு பார்க்கணும்னு சொல்லிக் கொடுத்தார்.

எங்க பெரியப்பா வீட்டுல அப்படி ஒண்ணு இருந்துச்சு. 27-ம் நம்பர் மாடல். அவர் காலமாகிப் பல வருஷம் ஆச்சு. பெரியம்மாதான் வேட்டித் துணியில சுத்தி வச்சிருந்தாங்க. சேர்க்கிறவரைக் கூட்டிட்டுப் போனேன். பார்த்ததும் மனுஷனுக்கு முகம் மலர்ந்துபோச்சு. வெர்னியரை எடுத்துக் குழல் வாயை அளந்தார். முகம் சுருங்கிப்போச்சு. 5.5 மில்லிமீட்டர்.

"இதை நான் தொடக்கூடாதுங்க. வீட்டுல நீங்களும் வச்சிருக்கக்கூடாது"ன்னார்.

விஷயம் இதுதான். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்துக்கு 2016 ஜூலையில புது விதிகள் வந்துச்சு. ஏர்கன்னோட குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல போகாம, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸ் வேண்டியதில்லை. ரெண்டுல எது தாண்டினாலும் லைசென்ஸ் வேணும். ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசந்தான். அதுல பெரியப்பாவோட துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஆயிடுச்சு. பரண்ல கிடந்த பொருள் அப்படியேதான் இருக்கு, சட்டம் மாறிடுச்சு. அதை ஊருக்குள்ள யாரும் தண்டோரா போட்டுச் சொல்லலை.

பெரியம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. "உங்க பெரியப்பா கடையில காசு குடுத்து வாங்குனது. திருடிட்டா வந்தோம்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானுங்களே.

எல்லா நாட்டுலயும் இந்தக் கதை உண்டுன்னு சேர்க்கிறவர் சொன்னார். பிரிட்டன்ல பிரோக்காக்னு ஒரு கம்பெனி, தோட்டா மாதிரியே இருக்கிற சின்னச் சின்னப் பித்தளைக் குப்பிக்குள்ள காத்தை அடைச்சு ஓட்டற ரிவால்வர் செஞ்சு வித்துச்சு. கெட்ட பசங்க அதை நெஜத் தோட்டா போடற மாதிரி மாத்த ஆரம்பிச்சாங்க. 2003-ல சட்டம் போட்டு, 2004 ஜனவரி 20-ல இருந்து வாங்கறது விக்கறது எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. ஏற்கெனவே வச்சிருந்தவங்க ஏப்ரல் 30-க்குள்ள போலீஸ்ல சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கணும், இல்லேன்னா ஒப்படைக்கணும். ஒழுங்காச் சேர்த்து வச்சிருந்தவனும் அந்த வரிசையில நின்னான். ஆனா அங்க தேதி சொன்னாங்க, பேப்பர்ல போட்டாங்க.

நம்ம சட்டத்துலயும் வழி இருக்கு. ஆயுதச் சட்டம் 21-ம் பிரிவு. வச்சிருக்கிறது சட்டப்படி இல்லாம போனா, தாமதிக்காம போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். குறிச்ச காலத்துக்குள்ள லைசென்ஸ் கிடைச்சா திரும்ப வாங்கிக்கலாம். நானும் பெரியம்மாவும் போனோம். ரைட்டர் "ஏர்கன்னுக்கெல்லாமா?"ன்னு சிரிச்சார். விதியை எடுத்துக் காட்டினதும் வாங்கிக்கிட்டு ரசீது கொடுத்தார். சென்னையில இருக்கிற பெரியம்மா பையன் இப்ப லைசென்ஸுக்கு மனு போட்டிருக்கான். கிடைக்குமோ கிடைக்காதோ தெரியலை. ஆனா அந்தம்மா ராத்திரி நிம்மதியாத் தூங்கறாங்க.

இன்னொண்ணும் சொல்லியாகணும். இதைக் கேள்விப்பட்ட பக்கத்துத் தோட்டத்துப் பையன், "அப்ப 4.5 வாங்கிக்கலாமில்ல மாமா, மயிலைச் சுட்டுடலாம்"னான். அவன் வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. விதைச்ச மறுநாள் காலையில மயில் கூட்டம் வந்து கடலையைக் கிளறிட்டுப் போனா யாருக்குத்தான் வலிக்காது? ஆனா துப்பாக்கிக்கு ஒரு சட்டம், அது சுடற உயிருக்கு வேற சட்டம். 1972-ம் வருஷத்து வனவுயிர்ச் சட்டத்துல மயில் முதல் பட்டியல்ல இருக்கு. சுட்டா 3 வருஷத்துக்குக் குறையாம, 7 வருஷம் வரைக்கும் உள்ள இருக்கணும். லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கியில சுட்டாலும் அதேதான். போதாததுக்கு ஏர்கன் குண்டு மயிலை ஒரேயடியாக் கொல்லாது. அடிபட்டு வேலி ஓரத்துல கிடந்து சாகும். நான் விடியக்காலையில நாயைக் கூட்டிட்டுக் காட்டைச் சுத்தறேன், மினுங்கற நாடா கட்டறேன். பாதி நிக்குது, பாதி போகுது. மயிலுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு அரசாங்கத்துக்கிட்டக் கேட்கறது வேற, பரண்ல இருந்து துப்பாக்கியை எடுக்கறது வேற.

அடுத்த தடவை பொங்கலுக்கோ நோம்பிக்கோ ஊருக்கு வரும்போது தாத்தா வீட்டுப் பரணை ஒருக்கா ஏறிப் பாருங்க. ஏர்கன் இருந்தா விளையாட்டுக்குக்கூடப் பசங்க கையில குடுக்காதீங்க. குண்டு தகரத்துல பட்டா திரும்பி வரும், கண்ணு போயிடும். குழல் விட்டத்தையும் சக்தியையும் தெரிஞ்சவங்களை வச்சுப் பாருங்க. அளவுக்குள்ள இருந்தா எண்ணெய் போட்டுப் பத்திரமா வையுங்க. தாண்டியிருந்தா வீட்டுப் பெரியவங்களைக் கையோட கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க. ரசீது வாங்காம திரும்பி வந்துடாதீங்க.