குறிகாட்டுவான் வீதியில் ஒரு சொட்டு எண்ணெய்

சென்ற மாதம் மெல்பேணிலிருந்து பால்ய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்ற கணக்காளர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். அவுஸ்திரேலியாவின் வடமேற்கே, கிம்பர்லிப் பிரதேசத்தில் உள்ள கிப் நதி வீதியின் 660 கிலோமீற்றரையும் அதில் கடந்துவிடுவதென்பது அவருடைய திட்டம். பெரும்பகுதி தார் காணாத கல்வீதி.

"பின் ஷொக் அப்சோபருக்குக் கல்லடி படாமல் இருக்கக் கவசம் விக்கிறாங்கள். வாங்கட்டோ? நீதானே தீவுப்பகுதி முழுக்க ஜீப்பிலை திரிஞ்சனி" என்று கேட்டார்.

திரிந்தது உண்மை. பத்திரிகைத் தொழிலில் எனக்குக் கிடைத்த அறிவிற் கணிசமானது வாகனங்களின் பின் இருக்கையிலிருந்து கிடைத்ததே. ஆயினும் ஷொக் அப்சோபர் என்ற பொருளைப் பற்றி நான் முதன்முதலாகச் சிந்தித்தது 2003ஆம் ஆண்டில், அதுவும் நிர்ப்பந்தத்தின் பேரில்.

2002 பெப்ரவரி 22இல் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டு ஏப்ரலில் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வாகனங்கள் வந்து குவிந்தன. அதற்கு முந்திய தசாப்தத்தில் எங்கள் வீதிகளில் ஓடியவை மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜுமே. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டிய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. நானும் இருமுறை எழுதிவிட்டேன். சமாதான காலத்திலோ வெள்ளை லாண்ட் குறூசர்களும் இரட்டைக் கபின் பிக்கப்புகளும் வந்தன. தீவுப்பகுதிக்குச் செய்தி சேகரிக்கச் செல்வதற்கு அத்தகைய பிக்கப் ஒன்றை நாங்கள் வாடகைக்கு அமர்த்துவது வழக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணைத் தீவினூடாகச் சென்று, வாணர் தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்கு அந்தத்தில் கடலைக் காணவேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் செல்வோரும் நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் நெடுந்தீவு மக்களும் இந்த ஒரு வீதியையே நம்பியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் சனம் இடம்பெயர்ந்து வெறுமையான வீதி அது. பராமரிக்க ஆளின்றி, தார் பெயர்ந்து, அடியிலிருந்த கல் மேலே வந்து கிடந்தது. பள்ளங்களை மக்கி கொட்டி நிரவியிருந்தார்கள். மழை வந்தால் மக்கி ஓடிவிடும். கல் மட்டும் நிற்கும்.

கல்லை விலத்தி ஓரத்தால் ஓடினால் என்ன என்று வெளிநாட்டு வாசகர்கள் கேட்கக்கூடும். அக்காலத்துச் சாரதிகள் ஓரத்துக்கு இறங்குவதில்லை. குடாநாட்டில் வீதியோரங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்ற காலம் அது. தீவுப்பகுதி என்றால் 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதியும் நினைவுக்கு வரும். அராலித்துறையில் கண்ணிவெடியிற் சிக்கிய ஒரே வாகனத்தில் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவையும் வேறு மூத்த அதிகாரிகளும் மாண்ட நாள். முன்னே சென்ற சில்லின் தடத்திலேயே உன் சில்லையும் வை என்பது எழுதாத விதி. தடத்தில் கல் கிடந்தால் கல்லின் மேலேயே ஏற வேண்டியதுதான்.

அன்று நெடுந்தீவிற் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறை பற்றி எழுதுவதற்காகப் புறப்பட்டோம். தாமதமாகிவிட்டது, தாமதத்துக்குக் காரணம் நானே. காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய நாள் வீண். "தம்பி, கொஞ்சம் எட்டி விடும்" என்று சாரதியை அவசரப்படுத்தினேன். இளைஞர், என் சொல்லைத் தட்டாதவர். வேலணையிலிருந்து வேகமானி 60க்குக் கீழே இறங்கவில்லை. அடிப்புறத்தில் ஆலங்கட்டி மழை போலக் கல் பொழிந்துகொண்டிருந்தது. படகைப் பிடித்தோம். நான் மகிழ்ந்தேன்.

பின்னேரப் படகில் எங்களுடன் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய தாயும் ஏறினர். நிறைமாதம். நெடுந்தீவு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு வசதி இல்லையாதலால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு மணி நேரக் கடற்பயணம். குமுதினிப் படகில் 1985 மே 15இல் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்தக் கடலைச் சும்மா ஒரு கடலாகப் பார்க்க எங்கள் தலைமுறையால் முடிந்ததில்லை. அன்று நான் பார்த்தது அந்தப் பெண்ணின் கைவிரல்களை மட்டுமே. படகின் விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன. இறங்குதுறையில் அவர்களுக்கென வரவேண்டியிருந்த வாகனம் வரவில்லை. எங்கள் பிக்கப்பின் பின் இருக்கையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நான் முன்னால் ஏறினேன்.

புங்குடுதீவைத் தாண்டு முன்னரே வாகனம் வேறொரு விலங்காக மாறிவிட்டதை உணர்ந்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் வழக்கமாக ஒருதரம் ஆடி அடங்கும். இப்போதோ மூன்று, நான்கு தரம் தொட்டிலாக ஆடியது. அந்த ஆட்டம் அடங்குமுன் அடுத்த பள்ளம். வலப்புறப் பின்சில்லின் மேலே இரும்போடு இரும்பு முட்டும் ஓசை. சாரதி இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஷொக் அப்சோபர் ஒழுகிப் போச்சு ஐயா" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். குழாய் முழுவதும் எண்ணெயும் புழுதியும் குழைந்து அப்பியிருந்தன. அடியில் ஒரு சொட்டு, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சிய பாதையை நடைவேகத்திலும் சற்றே கூடிய வேகத்தில் கடந்தோம். "மெல்லப் போங்கோ ராசா, மெல்லப் போங்கோ" என்று தாய் சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாகப் போனால் நேரம் போகிறது. விரைந்தால் மகள் துடிக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கவில்லை. காலையில் நான் மிச்சம்பிடித்த இருபது நிமிடத்தை மாலையில் அந்தப் பெண் தன் உடம்பால் திருப்பிச் செலுத்திக்கொண்டிருந்தாள். தாம்போதியின் இருபுறமும் கடல் கறுத்துவிட்டது. வைத்தியசாலை வாசலை அடைந்தபோது இரவாகியிருந்தது. மறுநாள் மதியம் விசாரித்தேன். பெண் குழந்தை, இருவரும் நலம். அந்த வாரம் ஆசிரியர் பற்றாக்குறைக் கட்டுரை வெளியாயிற்று. இந்தப் பயணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அந்த வாகனத்தைத் திருத்திய கராச்சுக்குச் சாரதியுடன் நானும் போனேன். போகவேண்டிய கடமை இல்லை. குற்றவுணர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதிய மெக்கானிக். கழற்றிய ஷொக் அப்சோபரைப் பழந்துணியாற் துடைத்து என் கையில் தந்தார்.

பத்திரிகையில் நாங்கள் இதை 'அதிர்வுதாங்கி' என்று எழுதுவோம். தவறான பெயர் என்பதை அன்றுதான் அறிந்தேன். அது எதையும் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது வில்லுத்தகடு. வில்லு ஒருமுறை அமுங்கினால் ஆடிக்கொண்டே இருக்க விரும்பும். குழாய்க்குள் இருக்கும் முசலம், எண்ணெயைச் சிறு துளைகளினூடாகப் பிதுக்கி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றிவிடுகிறது. அதிர்வடக்கி என்பதே பொருந்தும்.

எங்களுடையதில் நடந்தது இதுதான். மேற்பாதியில் உள்ள பளபளப்பான தண்டை மூடி ஒரு தகரக் குழல் இருக்கும். தாம்போதியில் மாதக்கணக்கில் தெறித்த உப்புநீர் அதை அரித்துத் தின்றுவிட்டது. அதன்பின் முன்சில்லுகள் வாரியெறிந்த கல் நேராகத் தண்டிற் பட்டு, குறோம் பூச்சில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கியது. குழிவிழுந்த தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் றப்பர் சீலை அரம் போல அராவியது. சீல் கிழிந்தது, எண்ணெய் வெளியேறியது. குழாயின் கீழ்ப்பகுதியில் ஒரு நெளிவும் இருந்தது. "இது இரட்டைக் குழாய் ஐயா. வெளிக்குழாய் கொஞ்சம் நெளிஞ்சாலும் உள்குழாய் தப்பும். ஒற்றைக் குழாய் எண்டால் இந்த நெளிவிலையே முசலம் இறுகியிருக்கும்" என்றார் அவர். கல்லுக்கு இரட்டை, வெப்பத்துக்கு ஒற்றை என்பது அவருடைய கணக்கு. ஒற்றைக் குழாய் வெளிக்காற்றை நேராகத் தொட்டு நிற்பதால் வேகமாகக் குளிரும்.

பழைய சைக்கிள் ரியூபை வெட்டி இறுகச் சுற்றிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சட்டை போடக்கூடாது. நிழல் போடவேணும்." இறுகச் சுற்றினால் வெப்பம் வெளியேறாது, எண்ணெய் நீர்த்து வேலை செய்யாது. அதைவிட, உறைக்கும் குழாய்க்கும் இடையில் உப்பும் மணலும் புகுந்து, ஒருவரும் காணாமல் உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும். எங்கள் தீவுகளில் கல்லைவிட உப்பே பெரிய எதிரி. அவர் செய்து தந்தது எளிமையானது. தடித்த பிளாஸ்ரிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மட்டும் ஷொக் அப்சோபருக்கு முன்புறமாக, விரற்கடை இடைவெளி விட்டுக் கட்டினார். பின்புறம் திறந்தே இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். முன்சில்லுகளின் பின்னால் தொங்கவேண்டிய றப்பர்த் தகடுகள் எப்போதோ அறுந்துபோயிருந்தன. பழைய டயரை வெட்டி அவற்றையும் மாட்டினார். "கல்லு எறியிறது முன்சில்லு, வாங்கிறது பின் ஷொக். நடுவிலை மறிச்சால் பாதி வேலை முடிஞ்சுது."

மீதிப் பாதி வேகம். கல்லின் அடி வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 30இல் விழும் அடியைப்போல நான்கு மடங்கு 60இல் விழும். இதை அவர் சூத்திரமாகச் சொல்லவில்லை. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். சாரதி ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

மொறிஸ் மைனருக்கு இந்தத் தொல்லை இல்லை என்றும் அவர் சொன்னார். அதன் ஷொக் அப்சோபர் குழாய் வடிவமானதன்று. கைபோன்ற நெம்புடன் கூடிய வார்ப்புக் கட்டி. கல் பட்டால் கல்தான் உடையும். எண்ணெய் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்றலாம். தடைக்காலத்தில் எங்கள் ஊரில் அந்தக் கார் உயிர்தப்பியதற்கு மண்ணெண்ணெய் மட்டும் காரணமன்று போலும்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் யாழ்ப்பாணம் – ஊர்காவற்றுறை வீதி காப்பெற் வீதியாயிற்று. நெடுந்தீவின் உட்புற ஒழுங்கைகள் வேறு கதை. வேலி முருகைக்கல், வீடு முருகைக்கல், கால் வைக்கும் இடமும் முருகைக்கல். அங்கே ஓடும் எந்த வாகனத்தின் அடிப்புறத்தையும் குனிந்து பார்க்காமல் என்னால் இன்றும் ஏற முடிவதில்லை. உடன் வருவோர் இதைக் கிழவனின் விசர் என்கிறார்கள்.

மெல்பேண் நண்பருக்கு இவ்வளவையும் சொன்னேன். கவசம் வாங்கு, ஆனால் முழுவதும் மூடுவதை வாங்காதே, முன்சில்லுக்குப் பின்னால் றப்பர்த் தகடு உண்டா என்று முதலிற் பார், டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கு, மணிக்கொருதரம் நிறுத்து. நிறுத்தி என்ன செய்வதென்று கேட்டார்.

அந்தச் சாரதி செய்வதைச் சொன்னேன். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. வாணர் தாம்போதியின் முடிவில் வாகனத்தை நிறுத்தி, சுற்றிவந்து, புறங்கையால் நான்கு ஷொக் அப்சோபர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருப்பது வேலை செய்கிறது. மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது செத்துவிட்டது.