என்பும் சான்றும்

அட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கி வருவோர் சென்.கிளயர் நீர்வீழ்ச்சியைக் காணாது கடத்தல் அரிது. நீர் குன்றிய நாட்களிற் கரும்பாறை தன் உடல் முழுவதையுங் காட்டி நிற்கும். அத்தகையதொரு நாளில், தோட்டப் பாடசாலை மாணவனொருவன் தன் விஞ்ஞான ஆசிரியரிடம், “சேர், இந்த மலையில டைனோசர் நடந்திருக்குமா?” என்று கேட்டான். அதிலும் பிற உயிர்களைக் கொன்று தின்னும் பெரிய டைனோசரே அவன் கருத்தில் இருந்தது. ஆசிரியர் உடனே விடை பகரவில்லை. அவ்வினாவினுள் இரு வினாக்கள் அடங்கியிருந்தன. விலங்கு வாழ்ந்ததா என்பது ஒன்று; வாழ்ந்தமைக்குச் சான்று எஞ்சியுள்ளதா என்பது மற்றொன்று.

இரண்டாவது வினாவுக்கு விடை எளிது. மலைநாட்டுப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே, புவியோட்டின் ஆழத்திற் பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னராகும். பேரன் பிறக்குமுன் எழுதப்பட்ட உறுதியில் அவன் கையொப்பத்தைத் தேடுவார் உளரோ? டைனோசர் காலத்துப் படிவுகள் இலங்கையின் வடமேற்கே தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களிற் சிறிதளவு உள. அவை தாவரச் சுவடுகளுக்கே பெயர்பெற்றவை. ஆயினும் அக்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலத்தட்டின் பகுதிகளாகவே இருந்தன. ஆகவே, முதல் வினாவுக்கான விடையைக் கடலுக்கு அப்பாலே தேடவேண்டியதாயிற்று.

அத்தேடல் ஆசிரியரை அவரது முன்னோரின் ஊர்ப்பக்கமே கொண்டுசென்றது. “நம்ம ஆளுங்க அரியலூர்ப் பக்கம் அய்யா” என்று அவருடைய தாத்தா சொல்வதுண்டு. அந்த அரியலூரையடுத்த கல்லமேட்டிற் கிடைத்த பேரென்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்னும் புவிச்சரிதவியலாளர் இருவர் 1987 இல் ‘பிருகத்காயோசோரஸ்’ எனப் பெயரிட்டனர். ‘பேருடற் பல்லி’ என்பது அதன் பொருள். அதனை ஊனுண்ணியாகவே அவர்கள் வகைப்படுத்தினர். அதன் கீழ்க்கால் என்பு மட்டும் 2 மீற்றர் நீளமென அளவிடப்பட்டது. ரைரனோசோரசின் அதே என்பு ஒரு மீற்றரைச் சற்றே விஞ்சுவதாகும். அவ்வகைப்பாடு நிலைத்திருப்பின், உலகம் அறிந்த கொன்றுண்ணிகள் அனைத்தினும் பெரியது தமிழ் மண்ணில் வாழ்ந்ததாகியிருக்கும்.

ஆனால் அது நிலைக்கவில்லை. 1995 இல் சங்கர் சட்டர்ஜி அவ்விலங்கை நெடுங்கழுத்துடைய தாவரவுண்ணி வகையுள் வைத்தார். அதுவே பின்னர் பெரிதும் ஏற்கப்பட்டது. அவ்வென்புகளோ உதிர்ந்து போயின. மீண்டும் அளந்து பார்க்க இன்று எதுவுமில்லை. அக்காலத்தில் எடுக்கப்பெற்ற நிழற்படங்கள் சில 2022 இல் வெளியாயின. இவற்றைப் படித்தபொழுது ஆசிரியருக்கு முதலில் ஏமாற்றமே ஏற்பட்டது. சொந்த ஊரின் பெருமையொன்று கைநழுவியது போன்ற உணர்வு அது. பிழையை ஒப்புக்கொண்டு பெருமையை விட்டுக்கொடுப்பதும் விஞ்ஞானத்தின் ஒழுக்கமே என்பது பின்னரே அவர் மனத்திற் பட்டது.

கொன்றுண்ணி இல்லாமலுமில்லை. குஜராத் மாநிலத்து இரகியோலியில் 1980 களின் முற்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட என்புகள், 2003 இல் ‘ராஜசோரஸ் நர்மதென்சிஸ்’ எனப் பெயர் பெற்றன. மூளைப்பெட்டி, முள்ளென்புகள், இடுப்பு, பின்னங்கால் ஆகியவற்றின் பகுதிகளே கிடைத்தன. நெற்றியில் மழுங்கிய ஒற்றைக் கொம்பு, தடித்த பின்னங்கால்கள், 7 மீற்றர் அளவிலான உடல். முன்னங்கை கிடைக்காவிடினும், இனத்தாற் கிட்டிய பிற விலங்குகளை நோக்கின் அது மிகக் குறுகியிருந்தது எனலாம். கையாற் பற்றவியலாத விலங்குக்கு வாயே கையாகும். உயரமான குறுந்தலையும் வலிய கழுத்துங் கொண்ட அவ்வினத்தவை, இரையைக் கவ்வி விடாது பிடித்து வீழ்த்தின என ஆய்வாளர் கருதுவர்.

என்பு உடலைக் காட்டும், நடத்தையைக் காட்டுமோ? சிற்சில வேளை காட்டும். ராஜசோரசின் உறவினமான மஜுங்கசோரஸ் மடகாஸ்கரில் வாழ்ந்தது. அதன் என்புகளிற் காணப்பட்ட பற்தழும்புகள் அதே இனத்தின் பல்வரிசைக்குப் பொருந்துவதை 2003 இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். தன்னினத்தையே அது தின்றது என்பது துணிபு. ஆயின் கொன்று தின்றதா, இறந்து கிடந்ததைத் தின்றதா என்பதை அத்தழும்பு உரைக்காது. தேயிலை மலையில் வாழ்வோர்க்கு இந்த அறிமுறை புதியதன்று. இங்கு வாழும் சிறுத்தையைக் கண்ணாற் கண்டவர் சிலரே. லயத்து நாய் காணாமற்போன விடியலிற் கானோரத்து ஈரமண்ணிற் பதிந்த அடித்தடமே அதன் வரவைத் தெரிவிக்கும். மழை பெய்தாலோ அத்தடமும் அழிந்துபோகும். ஆனால் தடம் அழிந்தமையாற் சிறுத்தை வரவில்லை என எவரும் கொள்வதில்லை.

இவ்விடத்தில் ஆசிரியருக்குத் தாத்தாவின் நினைவு மீண்டும் வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், பரம்பரை இந்நாட்டினதே என்பதைப் பத்திரங்களால் நிறுவுமாறு கேட்டது. தாத்தாவின் தந்தையார் இம்மலையிற் பிறந்தவர். ஆனால் அதனை நிறுவும் தாள் எதுவும் அவர் பெட்டியில் இருக்கவில்லை. அவர் நட்ட தேயிலை இருந்தது. அவர் வெட்டிய கான் இருந்தது. அவை சான்றாக ஏற்கப்படவில்லை. நாடற்றவராகவே வாழ்ந்த தாத்தா, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே முதுமையிற் குடியுரிமை பெற்றார். இருபதாண்டு பெயரின்றிக் கிடந்த என்புகள் பெயர் பெற்றதும் அதே ஆண்டிலாகும்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியர் மாணவனுக்கு விடை கூறினார். “இந்தப் பாறையில் டைனோசரைத் தேடினால் கிடைக்காது. பாறை அதைவிட மிக மூத்தது. அது இங்கே நடந்தது என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. நடக்கவேயில்லை என்று சொல்லவும் சான்றில்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடாதே.”

மாணவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிர்மலை கண்ணுக்குப் புலப்படாது மறைந்திருந்தது.