விளையாட்டுப் பிள்ளை

‘கேம்ஸ் ஆடறதுக்கு இவ்வளவு காசா?’ என்று 2012-ல் என் பையனைத் திட்டினேன். அவன் கேட்டது ஒரு கிராபிக்ஸ் கார்டு. அதே வருஷம் டொரன்டோவில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற மாணவர், அந்த மாதிரி இரண்டே கார்டுகளை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் படங்களை அடையாளம் காணப் பழக்கி, ‘இமேஜ்நெட்’ போட்டியில் ஜெயித்தது எனக்கு எங்கே தெரியும்?

விஷயம் இதுதான். படம் என்பது லட்சக்கணக்கான புள்ளிகள். சாதாரண பிராசஸர், கெட்டிக்கார சமையல்காரர் ஒருத்தர். கிராபிக்ஸ் சிப்போ, கல்யாண வீட்டில் ஆளுக்கொரு கத்தரிக்காய் நறுக்கும் ஆயிரம் பேர்! 2016-ல் என்விடியா இன்ஜினீயர்கள், மனிதர்கள் சுமார் 72 மணி நேரம் ஓட்டியதைக் காட்டியே ஒரு காருக்கு ஸ்டீயரிங் திருப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். விநாடிக்கு 30 படம் பார்த்தபடி ஓடியது அது.

போன மாசம் பையனோடு காரில் போனேன். பஸ் மறைவிலிருந்து ஒரு சிறுமி குறுக்கே ஓடிவந்தாள். பையன் கால் அசையும் முன்பே கார் தானாக பிரேக் போட்டு நின்றது. உள்ளே இருப்பது அந்தச் சிப்போ, அதன் சித்தப்பா மகனோ... மனசுக்குள் கும்பிட்டேன்.

‘‘பார்த்தீங்களாப்பா?’’ என்றான் பெருமையாக.

‘‘கார் பார்த்தது சரி. நீ எங்கேடா பார்த்துட்டிருந்தே?’’

பதிலில்லை. மடியில் செல்போன் மினுங்கிக்கொண்டிருந்தது.