எழுந்து நின்றவர்கள்

'தி பியானிஸ்ட்' படத்தில், இடிந்துபோன வார்ஸா நகரத்து வீடொன்றில், பசியில் ஒடுங்கிப்போன ஸ்பில்மான் ஒரு ஊறுகாய் டின்னைத் திறக்க முயல்கிறான். டின் கைநழுவி உருண்டு போய் நிற்கிற இடத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரியின் பூட்ஸ்கள். பி.ஏ. படிக்கும்போது ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் இதைப் பார்த்தேன். இரண்டு நாள் யாருடனும் சரியாகப் பேச முடியவில்லை. சினிமா பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை இந்தப் படத்தைப் பற்றியதுதான். இயக்குநர் ரோமன் பொலான்ஸ்கியின் பிள்ளைப் பிராயம், கிராகோவில் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில் அவர் பட்டது, ஆஷ்விட்ஸில் மாண்ட தாய், எல்லாம் அதில் வந்தன. 1977 வரவில்லை. தெரியாமல் அல்ல. அது படத்துக்குப் புறம்பானது என்று நினைத்தேன். தாயின் சாவு மட்டும் எப்படிப் படத்துக்கு உள்ளே வந்தது என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

1977 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் 13 வயதுச் சிறுமி சம்பந்தமாகப் பொலான்ஸ்கி கைதானார். மைனர் பெண்ணுடன் சட்டவிரோதமாக உடலுறவு கொண்டதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மனநலப் பரிசோதனைக்கென்று 42 நாள் சிறையில் இருந்தார். தண்டனை அறிவிக்கப்படும் முன், 1978 பிப்ரவரியில், ஐரோப்பாவுக்குத் தப்பிப்போனார். அது முதல் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் மீண்டும் தலையெடுக்க முடியுமா என்று நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. கேள்வியே பிசகு என்று எனக்குப் படுகிறது. மீண்டு வர ஒருவன் எங்காவது போயிருக்க வேண்டும் அல்லவா? 1979ல் 'டெஸ்' வந்தது. அதற்கு மூன்று ஆஸ்கார். 2002ல் கான் விழாவின் தங்கப் பனை. 2003ல் 'தி பியானிஸ்ட்' சிறந்த இயக்கத்துக்கான ஆஸ்காரைப் பெற்றபோது, வந்தால் கைதாவார் என்பதால் அவர் வரவில்லை. ஆனால் அரங்கில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் பதிவைப் பார்க்கும்போது நானும் மனசுக்குள் எழுந்து நின்றவன்தான். (பாதிக்கப்பட்ட பெண்ணே, அதற்குள் வளர்ந்து குடும்பஸ்தியாகிவிட்டவர், படத்தைப் படமாக மட்டும் மதிப்பிடுங்கள் என்று அப்போது பத்திரிகையில் எழுதினார். அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. அதைக் கடன் வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா?) அகாடமி அவரை நீக்கியது 2018ல்தான். குற்றத்துக்கும் நீக்கத்துக்கும் இடையே 41 வருஷம்.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 2020 பிப்ரவரியில், பிரான்ஸின் செஸார் விருது அவருடைய 'ஜக்யூஸ்' படத்தின் இயக்கத்துக்குக் கிடைத்தது. அன்றும் அரங்கில் ஒருவர் எழுந்து நின்றார். நடிகை அடேல் ஹேனல். சிறந்த நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில் அவரும் இருந்தார். எழுந்தார், வெளியே நடந்தார். தான் சிறுமியாக இருந்தபோது தன் முதல் படத்தின் இயக்குநர் தன்னிடம் அத்துமீறினார் என்று சில மாதங்களுக்கு முன்தான் அவர் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். அந்த இயக்குநர் மறுத்தார். 2025 பிப்ரவரியில் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் அதற்குள், 2023லேயே, தான் சினிமாவை விட்டுவிட்டதாக ஹேனல் ஒரு பகிரங்கக் கடிதத்தில் அறிவித்திருந்தார். இத்தகையவர்களோடு அந்தத் துறை கொண்டிருக்கும் இணக்கமே காரணம் என்றார். அதே ஆண்டு பொலான்ஸ்கியின் புதுப்படம் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. படம் படுமோசம் என்று எழுதினார்கள். யாருடைய தொழில் முடிந்தது என்பதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ரிச்சர்ட்ஸ் தொடங்கி விம்ஸாட் வரை எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது, படைப்பைப் பார், படைத்தவனைப் பாராதே என்பது. இன்றும் அதை முழுக்க விட்டுவிட எனக்கு மனமில்லை. அந்த ஊறுகாய் டின் இப்போதும் என்னை அதே மாதிரிதான் உலுக்குகிறது. அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறவனாவேன். ஆனால் வாசிப்பது வேறு, மாலை போடுவது வேறு. ஒரு கலைஞனின் 'தொழில்' என்று நாம் சொல்வது அவன் படைப்புகளால் மட்டும் ஆனதல்ல. அடுத்த படத்துக்குப் பணம் தருகிறவன், மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சம்மதிக்கிறவன், பெயரைச் சொன்னதும் கைதட்டுகிறவன், இவர்களெல்லாம் சேர்ந்து கொடுக்கிற சமாச்சாரம் அது. படைப்பு தனித்து நிற்கும் என்கிற விமர்சகன் மாலை போடும் வரிசையில் ஏன் நிற்கிறான்? விம்ஸாட் இதற்குப் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு திட்டவட்டமாக எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. பிராபல்யம் எதுவும் இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் ஒரு அதிகாரி மீது ஒரு பெண் ஊழியர் புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது. முடிவு என்ன என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அதிகாரி மாற்றலாகிப் போனார். அந்த அம்மாளும் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டு வருஷத்தில் அதிகாரி பதவி உயர்வோடு திரும்பினார். வரவேற்பு ஏற்பாடாயிற்று. சால்வை, மைசூர்பாகு, மிக்ஸர். "எழுதறவராச்சே நீங்க, வரவேற்புரை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் சீனியர். எழுதிக் கொடுத்தேன். 'சோதனைகளைக் கடந்து' என்று அதில் ஒரு சொற்றொடர் வரும். நன்றாக விழுந்திருக்கிறது என்று அன்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார், ஒரு பழைய கணக்கின் மாதிரிக் கையெழுத்துக் கார்டு பற்றி. பேச்சின் நடுவில், "வரவேற்புரை நீங்கதான் எழுதினீங்களாமே ஸார், ரொம்ப நல்லா இருந்துதுன்னு சொன்னாங்க" என்றார். குரலில் கிண்டல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. "ஆமாம் மேடம்" என்றேன். பிறகு உள்ளே போய்க் கார்டைத் தேடி எடுத்துவந்து, கணக்கு எண்ணைப் படித்துச் சொன்னேன்.